பேய்களைக் குறுக்கு விசாரணை செய்தவர்

1. இதன்கீழ் கையொப்பமிடும் இரா. தணிகாசலம் ஆகிய நான், விருத்தாசலம் நீதிமன்றங்களில் உரிமையியல் வழக்குகள் நடத்திவரும் வழக்கறிஞன். மறைந்த வழக்கறிஞர் ச. அருளப்பனுடன் ஒரே மாடியறையைப் பகிர்ந்துகொண்டவன்.

2. எனக்கு நேரடியாகத் தெரிந்ததை மட்டுமே கூறுகிறேன். பிறர் சொல்லக் கேட்டதை, கேட்டது என்று குறித்தே கூறுகிறேன்.

3. அருளப்பன் பேயாக வரவில்லை. அவர் மகளும் வழக்கறிஞருமான ரோஸ்லின் அந்த அறையில் அமர்ந்து தொழில் நடத்த எந்தத் தடையும் இல்லை.

மூன்றாவது பத்தி ஓர் அஞ்சலிக்குப் பொருந்தாது என்று நண்பர்கள் கருதலாம். நானும் அவ்வாறே கருதினேன். ஆனால் இரங்கல் கூட்டத்தில் அவருடைய வாதத் திறமையைப் புகழ்ந்து அமர்ந்தவர்கள், தேநீர் வந்ததும் அவருடைய நாற்காலி தானாக அசைந்ததைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். அதைக் காதால் கேட்ட பிறகு, அந்தப் பத்தியை முன்னால் வைப்பதே முறை என்று முடிவு செய்தேன்.

செய்தி வந்த விதமே அப்படி. எங்கள் இருவருக்கும் பொதுவான குமாஸ்தா பரமசிவம் காலையில் மாடிப்படி ஏறி வந்து, "ஐயா, நம்ம அருளப்பன் ஐயா பாண்டி ஆஸ்பத்திரியில போயிட்டாங்க" என்றார். நான் பேனாவை மூடக்கூட இல்லை. அதற்குள் அடுத்த வாக்கியம் வந்தது. "ராத்திரி பூரா எங்க தெரு நாயி ஊளை வுட்டுச்சுங்க. அப்பவே நெனச்சேன்."

பரமசிவம் வசிப்பது கருவேப்பிலங்குறிச்சியில். மரணம் நிகழ்ந்தது புதுச்சேரியில். இடையிலுள்ள அத்தனை ஊர் நாய்களும் வாயை மூடிக்கொண்டிருக்க, இவர் தெரு நாய்க்கு மட்டும் தகவல் எப்படிப் போயிற்று என்று கேட்டிருக்க வேண்டும். அருளப்பன் இருந்திருந்தால் கேட்டிருப்பார். நான் பேனாவை மூடி வைத்தேன்.

எண்பதுகளின் கடைசியில் நம் ஊருக்கு வந்த பேய்ப் படம் எதையும் அவர் தவறவிட்டதில்லை. வெள்ளிக்கிழமை நீதிமன்றம் கலைந்ததும் கறுப்புக் கோட்டை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு, ரயில் நிலையச் சாலையில் இருந்த கொட்டகைக்கு அப்படியே நடப்பார். என்னையும் இழுத்துக்கொண்டு போவார். அந்தப் படங்கள் அவருக்குப் பிடித்திருந்தன என்று எவரும் எண்ண வேண்டாம். "எதிர்த்தரப்பு என்னா கதை வுடுதுன்னு தெரிஞ்சிக்க வேணாமா, தணிகா?" என்பார்.

அவற்றை அவர் வகை பிரித்து வைத்திருந்தார். கொலையுண்ட பெண் பழிவாங்க வருவது ஒரு வகை. அவளுக்குச் சுவரைத் துளைக்கும் ஆற்றல் உண்டு, காரைத் தூக்கி எறியும் ஆற்றலும் உண்டு. ஆனாலும் முதலில் அடியாளைக் கொல்வாள், பிறகு கணக்குப்பிள்ளையை, கடைசி ரீலில்தான் பண்ணையாரை. "முதல் எதிரியை வுட்டுட்டு மூணாவது எதிரி பின்னால எதுக்குடா அலையிறா?" என்று இருட்டில் உரக்கக் கேட்பார். பாழடைந்த பங்களா இன்னொரு வகை. கார் அங்கேதான் நிற்கும், லாந்தர் பிடித்த காவல்காரன் போகாதீர்கள் என்பான், போவார்கள். போய் ஆளுக்கொரு அறையாகப் பிரிவார்கள். விளக்கைப் போடும் அறிவு ஒருவருக்கும் இராது. மந்திரவாதிப் படத்தில் முதலில் வருபவன் ரத்தம் கக்கிச் சாவான், அடுத்து வருபவன் வெல்வான். "அப்போ நேரா ரெண்டாவது ஆளையே கூப்பிட வேண்டியதுதானே!" அம்மன் படத்தில் சூலம் தானாகப் பறந்து வந்து தீர்ப்பளித்துவிடுவதால், அதுவரை நடந்த விசாரணை முழுவதும் வீண் என்பது அவர் கட்சி.

ஒருமுறை பின்வரிசையிலிருந்து ஒருவர் பொறுமை இழந்தார். "யோவ் வக்கீலு, வாயை மூடுய்யா. பேய் வரப்போவுது!"

"இன்னும் வராது" என்றார் அருளப்பன் திரும்பிப் பார்க்காமலே. "இடைவேளைக்கு முன்னாடிதான் வரும். முறுக்கு விக்கிறவரு இன்னும் உள்ளேயே வரல பாருங்க."

பேய் இடைவேளைக்கு முன்னால்தான் வந்தது. அதன் பிறகு அந்த வரிசையில் எவரும் அவரைத் தடுக்கவில்லை.

பிறகு வாடகைக் கேசட்டுகளில் தமிழ் பேசும் வெள்ளைக்காரப் பேய்கள் வந்தன. கூட்டமாக எழுந்து, நொண்டி நடந்தே, ஓடுகிறவனைப் பிடிக்கும் பிணங்கள். முகமூடிக் கொலைகாரன் துரத்தும்போது சமதரையில் இடறி விழும் பெண்கள். தலையைத் திருப்பிப் பார்க்கும் பொம்மைகள். சிலுவையைக் கண்டு அலறும் ரத்தக்காட்டேரிகள். கடைசி வகை மட்டும் கிறிஸ்தவரான அவருக்குத் தனிப்பட்ட அவமதிப்பு. "எங்க வூட்டு வாசப்படி மேலயே சிலுவை இருக்குது. ஒரு கொசு ஓடல" என்பார்.

இத்தனை வகைகளுக்கும் பொதுவாக அவர் ஒரு விதி வைத்திருந்தார். "ஒரு படத்துப் பேய் இன்னொரு படத்துக்குள்ள வராது. வந்துச்சுன்னா சாட்சி பொய் சொல்றான்னு அர்த்தம்." கொட்டகையில் இதைக் கேட்டு நான் சிரித்தேன். நீதிமன்றத்தில் அது பயன்படும் என்று எதிர்பார்க்கவில்லை.

நம் தொழிற்பேட்டையை ஒட்டி நான்கு பொம்மைப் பட்டறைகளுக்கு ஒரே சூளை இருந்தது. ஒருவர் அடுக்கிச் சுட்டு எடுத்த பிறகே அடுத்தவர் அடுக்க வேண்டும். இதற்கு முறை என்று பெயர். முறை இல்லாதவர் கையில் இருப்பது எவ்வளவு அழகான பொம்மையானாலும், மழை பட்டால் கரையும் மண்தான். கூட்டாளிகளில் ஒருவர் காய்ச்சலில் இறந்தார். மனைவி அஞ்சலைக்கு அவருடைய முறை வந்தது. முதல் சூளையை எந்தத் தகராறும் இல்லாமல் சுட்டார். அந்த வாரம் கொட்டகையில் புதிய பேய்ப் படம் வந்தது. அதுவரை வெறும் சூளையாக இருந்தது, செத்தவன் உலாவும் இடமாயிற்று. அஞ்சலை உள்ளே வந்துகொண்டிருக்கும்வரை அவள் புருஷன் போக மாட்டான், ஆகவே அவளுக்கு முறை இல்லை என்று மற்ற மூவரும் சொல்லிவிட்டார்கள்.

அஞ்சலை எங்கள் அறைக்கு வந்து சொன்னது நினைவிருக்கிறது. "செத்தும் எங்க வூட்டுக்காரரு எனக்கு எதிராவே சாட்சி சொல்றாராம் ஐயா. உசுரோட இருந்தப்ப ஒரு நாளு சூளைக்குக் காவலு இருந்ததில்ல. அம்மாந்தூக்கம் தூங்குவாரு. செத்தப்புறமா கண்ணு முழிக்கப் போறாரு?"

அவர் முறையைத் தடுக்கக் கூடாது என்று அருளப்பன் உறுத்துக்கட்டளை கேட்டு வழக்குத் தொடுத்தார். மற்ற மூவரும் தாக்கல் செய்த எதிருரையில் பேய் என்ற சொல்லே இல்லை. 'தொழிலாளர்களின் நியாயமான அச்சம்' என்று இருந்தது. அந்த அச்சத்தைப் பற்றிச் சாட்சியை நேரில் விசாரிக்க அருளப்பன் அனுமதி கேட்டார், கிடைத்தது. கூண்டேறியவர் கூட்டாளிகளில் மூத்தவரான குப்புசாமி.

"என்னா பார்த்தீங்க?"

"வெள்ளையா ஒரு உருவம் போச்சுங்க."

வெண்களிமண்ணும் பிளாஸ்டர் தூளும் பறக்கும் இடம் அது. "உங்க பட்டறையில சாயங்காலத்துல வெள்ளையா இல்லாத ஒரு ஆளைச் சொல்லுங்க."

குப்புசாமி உண்மையாகவே யோசித்தார். "வேலை செய்யாதவங்கதான் ஐயா."

"சரி. வேற?"

"சூளைக்குள்ள கொலுசுச் சத்தம் கேட்டுச்சுங்க. டிங்கு டிங்குன்னு."

"சூளை அப்போ ஆறிக்கிட்டு இருந்துச்சா?"

"ஆமாங்க."

"ஆறும்போது பொம்மை மேல பூசுன மெருகு விரிசல் வுட்டா என்னா சத்தம் வரும்?"

"டிங்குன்னு வரும்."

"இத்தனை வருஷமா அதுக்கு என்னா பேரு வெச்சிருந்தீங்க?"

"மெருகு வெடிக்குதுன்னு சொல்லுவோம்."

"அது எந்த வெள்ளிக்கிழமையிலருந்து கொலுசாச்சு?"

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்து ஆட்சேபித்தார். அருளப்பன் அந்தக் கேள்வியைக் கைவிட்டு, அடுத்ததற்குப் போனார். அஞ்சலையின் முதல் சூளையில் பொம்மை ஒன்று தலையைத் திருப்பியது என்றும் குப்புசாமி சொன்னார். ஈரத்தில் ஒட்டிய தலை சூட்டில் சாயுமா என்று கேட்டபோது, சாயும் என்றார்.

"அந்த உருவம் அஞ்சலையோட புருஷன்தானா? நிச்சயமா?"

"அவரேதாங்க."

"உசுரோட இருந்தப்ப கொலுசு போடுவாரா?"

நீதிமன்றம் சிரித்தது. குப்புசாமிக்குக் கோபம் வந்துவிட்டது. "செத்தா எல்லாருக்கும் அப்படித்தானுங்க!"

"எந்தப் படத்துல?"

குப்புசாமி படத்தின் பெயரைச் சொல்லத் தொடங்கி, பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

கொலுசுப் பேய் ஒரு படம், பொம்மைக்குள் புகும் பேய் வேறு படம், இவை இரண்டும் ஒரே சூளையில் இருக்க இயலாது என்று அருளப்பன் வாதத்தை முடித்தார். உத்தரவு அஞ்சலைக்குச் சாதகமாக வந்தது. சட்டப்படி வந்தது என்பதையும், படங்களைப் பற்றி உத்தரவில் ஒரு சொல்லும் இல்லை என்பதையும் குறிப்பிட வேண்டியது என் கடமை.

புகழ்ந்தே எழுதினால் அவரே என்னைக் குறுக்கு விசாரணை செய்வார். உத்தரவுக்குப் பிறகு அஞ்சலையின் சூளை சுடப்பட்டபோது நாங்கள் இருவரும் போயிருந்தோம். ஆட்கள் தள்ளி நின்றார்கள். பேய் இல்லை என்று அப்போதே காட்டிவிடும் வேகத்தில் அருளப்பன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, சூளை வாயில் அடைத்திருந்த கல்லைப் பெயர்க்கப் போனார்.

"ஐயா, கையை எடுங்க!" என்று அஞ்சலை போட்ட சத்தத்தில் சாலையில் போனவர்கள் நின்றார்கள். "ஆறாம தொறந்தா அத்தனையும் வெடிச்சிப்பூடும். நீங்க பேசறதோட நிறுத்திக்குங்க!"

முதலில் சிரித்தவர் குப்புசாமி. "பேய்க்குப் பயப்படாத வக்கீலு பொம்பளைக்குப் பயந்துட்டாரு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், அருளப்பனும். மறுநாள் ஆறிய சூளையைத் திறந்து பொம்மைகளை இறக்கியவர்கள் அந்த ஆட்களே. முதல் சூளையில் தலை சாய்ந்துபோன, கைகூப்பி நிற்கும் பெண் பொம்மையை அஞ்சலை அவருக்குக் கொடுத்தார். யாரோ சொல்வதை நம்பாமல் கேட்டுக்கொண்டிருப்பது போன்ற சாய்வு. அவர் மேசையில் அது இத்தனை ஆண்டுகளாக இருந்துவருகிறது.

அந்தப் பொம்மையோடு வீடு திரும்பும் வழியில் அவர் சொன்னார். "பேயைப் பார்த்தேன்னு சொன்ன எவனும் தன் பங்கைக் குறைச்சுக்கிட்டதில்ல தணிகா. அடுத்தவங்க பங்கைத்தான் குறைப்பான்."

பயந்தவர்கள்மீது எனக்கு இகழ்ச்சி இல்லை. இருட்டில் உட்கார்ந்து கத்துவதற்காகவே சீட்டு வாங்குகிறவர்களைக் குறை சொல்ல நான் யார்? வெளிச்சத்துக்கு வந்த பிறகும் அந்தக் கத்தலைக் கையோடு கொண்டுபோய், ஒரு பெண்ணின் முறையைப் பறிக்கப் பயன்படுத்துகிறவர்கள்மீது உண்டு. அதை மறைக்கப் போவதில்லை.

புதுச்சேரிக்குப் போகும் முன் அருளப்பன் என்னிடம் கேட்டுக்கொண்டது இது ஒன்றுதான். "நான் போனா என்னைப் பேயாக்கிடுவானுங்க. எந்த வகைன்னு மட்டும் பார்த்து வை. கொலுசு போட்டு வுட்டானுங்கன்னா ஆட்சேபணை தெரிவி."

அடக்கம் நண்பகலில் நடந்தது. கல்லறைத் தோட்டத்தில் பனிமூட்டம் இல்லை, சாய்ந்த சிலுவை இல்லை, ஆந்தை இல்லை. வெயிலில் எல்லோரும் குடைக்கு அலைந்தார்கள். ஆனாலும் அந்த வாரமே வாயிலருகில் வெள்ளை உருவம் நின்றதாகக் கேட்டேன். நாற்காலி அசைந்ததாகக் கேட்டேன். பிரம்பு கிழிந்த அந்த நாற்காலி அவர் உயிரோடிருந்த காலம் முழுவதும் கிரீச்சிட்டது, அன்று எவரும் அதைப் பேய் என்று சொன்னதில்லை. பொம்மை தலையைத் திருப்பி நாற்காலியைப் பார்ப்பதாகவும், அதை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு அறையைப் பூட்டிவிடுவதே நல்லது என்றும் கேட்டேன். கட்சிக்காரர்கள் மாடி ஏறத் தயங்கிக் கீழேயே வேறு வழக்கறிஞர்களிடம் போகிறார்கள் என்பது கேட்டதல்ல, நான் கண்டது. அறை காலியானால் பயனடையக் கூடியவர்கள் யார் என்று நான் சொல்லவில்லை. சான்று இல்லை.

ரோஸ்லின் கோட்டணிந்து முதல்நாள் வந்தபோது பரமசிவம் படிக்கட்டில் வழிமறித்தார். "பாப்பா, மேல போவாதீங்க. பொம்மை அப்பா நாற்காலியையே பார்க்குது. நானே பார்த்தேன்."

ரோஸ்லின், "எந்தப் படத்துல அங்கிள்?" என்று கேட்டுவிட்டு மேலே போனார். நாற்காலி கிரீச்சிட்டது. கீழே நின்றிருந்த எனக்கு அந்த ஒலி நன்றாகக் கேட்டது. அதைக் கேட்டபோதுதான், செய்தி வந்த நாளில் வராத அழுகை வந்தது.

இந்த அஞ்சலிக்குச் சாட்சிகளாக நான் அழைத்த இருவரும் நேற்று மாடி ஏறி வந்தார்கள். அஞ்சலை பொம்மையைக் கையிலெடுத்துக் கழுத்தைத் தடவினார். "நான் ஒட்டுன தலைதான் ஐயா. இந்தப் பக்கம் மண்ணு மெலிசாப் பூடுச்சு, அன்னைக்கே சாஞ்சிடுச்சு. சுட்ட மண்ணு இனிமே உடையும், திரும்பாது." குப்புசாமி பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "பார்த்ததுக்குக் கையெழுத்துப் போடணுமா, பார்க்காததுக்கா?" பார்க்காததற்கு என்றேன். "அப்படின்னா தைரியமா போடலாம்" என்றார்.

பொம்மை ரோஸ்லினின் மேசையில் இருக்கும். நாற்காலியும் அறையில் அருளப்பனின் பங்கும் அவருடையவை. இனி இந்த ஊரில் யார் எதைக் கண்டதாகச் சொன்னாலும் கேட்பதற்கு அருளப்பனின் ஒரே ஒரு கேள்வியை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன். மேற்கண்டவை அனைத்தும் நான் அறிந்தவரை உண்மை.

(ஒப்பம்) இரா. தணிகாசலம்
வழக்கறிஞர், விருத்தாசலம்

சாட்சிகள்:

1. அஞ்சலை, பொம்மைப் பட்டறை உரிமையாளர் (தலை சூளையில் சாய்ந்தது என்பதற்கு)

2. குப்புசாமி, சூளைக் கூட்டாளி (அதன்பின் திரும்பவில்லை என்பதற்கு)