மலைமேல மிசின் வச்சவன்

செங்கத்துல வாங்கின டீசல் எஞ்சினைப் பிரிச்சு, ஆள் தலையில ஏத்தி, ரோடே இல்லாத ஜவ்வாது மலைமேல கொண்டாந்து சாமை குத்துற மிசின் வச்சவன் நான். பக்கத்துல டீக்கடையும் போட்டேன். மூணாவதுக்கு மேல படிக்கலை. பைத்தியம்னு சிரிச்சவங்கதான் அதிகம்.

நேத்து ஊர்ல மருத்துவ முகாம். எடை பார்த்த நர்ஸம்மா, "எல்லாரும் பெருத்துட்டீங்க. மிசின் வந்தப்புறம் யாருக்கும் உடம்பு அசையறதில்லை"ன்னு சொல்லி, ரெண்டு பொம்பளைங்களைப் பழைய உரல்ல குத்திக் காட்டச் சொன்னாங்க. உலக்கை தொம்முனு விழுந்ததும் எனக்கு எங்கம்மா ஞாபகம் வந்துட்டுது.

சின்ன வயசுல அந்தச் சத்தத்துலதான் நான் முழிப்பேன். இன்னும் விடிஞ்சிருக்காது. ஒவ்வொரு குத்துக்கும் அம்மாவோட மூச்சு உஸ்ஸுனு போகும். வூடெல்லாம் உமி வாசனை. அவ ஆசையா என் முதுகைத் தடவினாலும், உலக்கை பிடிச்சுப் பிடிச்சு அவ கையில இருக்கற காய்ப்பு என்னைக் கீறும்.

மிசின் ஓடின மொத நாள், கொட்டின அரிசியை அம்மா தொட்டுப் பார்த்து, "இன்னாடா இது, நான் குத்தாமலே சுடுது!"ன்னா.

பக்கத்து வூட்டுக்காரி சிரிச்சா. "இனிமே குந்திக்கினே தின்னு, பெருத்துப்போயி வாசப்படி இடிக்கப் போவுது பாரு."

"இடிச்சா இடிக்கட்டும் போடி. இன்னிக்குத்தான் விடிஞ்சப்புறம் எழுந்தேன்."

பக்கத்து வூட்டுக்காரி சொன்னது பலிச்சுட்டுது நர்ஸம்மா, நான் மறுக்கலை. நடக்கச் சொல்லுங்க, வாயைக் கட்டச் சொல்லுங்க, கேட்டுக்கறோம். உடம்பு பெருத்ததுக்கு என் மிசின்தான் காரணம்னா அப்படியே எழுதுங்க. ஆனா எங்கம்மா கையில காய்ப்பு உதிர்ந்ததையும் என் பேர்ல எழுதணும்.