குண்டுப் புல்லி

லிஃப்ட் மெக்கானிக் என்று விசாரித்தால் யாருக்கும் அவரைத் தெரியாது. முள்ளுக்காரர் என்று கேளுங்கள், வாட்ச்மேன் முதல் கேன்டீன்காரர் வரை கை காட்டுவார்கள். பேனா இருக்கவேண்டிய சட்டைப் பையில், தீப்பெட்டிக்குள் பஞ்சு வைத்து, பழைய ரெக்கார்ட் பிளேயரின் முள்ளைச் சுமந்து திரிகிற மனுஷருக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் அவர் கால் தானாகப் பழைய சாமான் தெருவுக்குப் போய்விடும். மேம்பாலத்துக்கு அடியில் தார்ப்பாய் விரித்து, ரெக்கார்ட் பிளேயர் பாகங்களை மட்டும் விற்கும் ஒரு அக்கா அங்கே உண்டு. முள்ளைத் தாங்கும் கைகள், ரப்பர் சக்கரங்கள், ஸ்பிரிங்குகள், மோட்டார் முனையில் மாட்டும் பித்தளைப் புல்லிகள். உங்களுக்கும் எனக்கும் அது குப்பை; அவருக்கு நகைக்கடை. ரப்பர் சக்கரத்தை நகத்தால் அழுத்திப் பார்ப்பார். அமுங்கி எழுந்தால் உயிர் இருக்கிறது, இல்லாவிட்டால் வெறும் கல். புல்லியைக் கண்ணாடித் துண்டின்மேல் உருட்டிவிட்டு, அது ஆடாமல் போவதைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருப்பார்.

"புதுசா எவன் வேணா செய்வான் அக்கா. பழசு ஓடிக் காட்டியிருக்குல்ல?" என்பார்.

"ஓடினதாலதான் என்கிட்ட வந்து கிடக்கு. எடுக்கறதா இருந்தா எடுங்க, இல்லன்னா வெயிலை மறைக்காதீங்க" என்பாள் அக்கா.

அவர் வருஷக்கணக்கில் தேடியது ஒரே ஒரு புல்லியைத்தான். ஆனை வாங்கியவன் அங்குசத்துக்கு அலைந்த கதை. வீட்டிலிருந்த பிளேயர், கப்பலில் வேலை பார்த்த ஒருவரிடம் வாங்கியது. அது செய்யப்பட்ட நாட்டில் மின்சாரத்தின் துடிப்பு வேறு. அதற்கேற்ற ஒல்லிப் புல்லியை மோட்டாரில் மாட்டியிருந்தார்கள். இங்கே அது தட்டை மெதுவாகத்தான் சுற்றியது. அதைவிட ஒரு நூல் கூடுதல் பருமனான புல்லி கிடைத்தால் சரியாகிவிடும். பட்டறையில் ஒன்று கடைந்து வாங்கிப் பார்த்தார். நூலிழை கோணல், பாட்டு மொத்தமும் அழுதது.

அவர் மனைவிக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், ஊருக்கு வேன்காரம்மா. வீட்டிலிருந்த ஒரே இசைத்தட்டு பிளேயரோடு வந்தது. அட்டை கிடையாது, பாஷையும் புரியாது. யாரோ தொண்டை கட்டிய பெரியவர் நிதானமாகப் பாடிக்கொண்டிருந்தார்.

"மெதுவா பாடினா என்ன? அவருக்கு ரயிலா பிடிக்கணும்?" என்று கேட்டுவிட்டு, சமையல் முடியும்வரை கூடவே முணுமுணுப்பார் வேன்காரம்மா.

ஒருநாள் காலை வேன்காரம்மாவின் உடம்பில் வலது பக்கம் சொன்ன பேச்சுக் கேட்காமல் போனது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் கால் திரும்பியது, பேச்சு திரும்பியது. கை மட்டும் வரவில்லை. கை இல்லாமல் ஸ்டியரிங் ஏது? பயிற்சி சொல்லித்தர வந்த பெண், கையைத் தோள்வரை தூக்கித் தூக்கி இறக்கச் சொன்னாள். இரண்டு நாள் செய்துவிட்டு வேன்காரம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இனி எழமாட்டாரோ என்று முள்ளுக்காரர் பயந்தே போனார்.

என்ன செய்வதென்று தெரியாமல் பாட்டைப் போட்டார். முதல் வரி தொடங்கியதும், போர்வைக்குள் அந்தக் கை கொஞ்சம் எழுந்தது. வரி முடிந்ததும் இறங்கியது. அன்றிலிருந்து அதுவே வழக்கமானது: பாட்டின் ஒரு வரிக்கு ஒரு தூக்கல். பெரியவரும் அவசரப்படவில்லை, கையும் அவசரப்படவில்லை.

இப்படியிருக்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவின் தார்ப்பாயில் அந்தப் புல்லி கிடந்தது. அச்சு அசல். கண்ணாடியில் உருட்டினார், ஆடவில்லை. அக்கா சொன்ன விலைக்குப் பேரம்கூடப் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும், மனைவி குளிக்கப் போயிருந்த நேரத்தில், ஒல்லியைக் கழற்றிக் குண்டை மாட்டிவிட்டார். யோசித்தாரா என்று கேட்காதீர்கள். ஆசை வந்தவனுக்கு யோசனை ஏது?

வேன்காரம்மா நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். முள் தட்டில் இறங்கியது. பெரியவரைக் காணோம். இருபது வயதுப் பெண் ஒருத்தி, துணி துவைத்துக்கொண்டே பாடுகிற மாதிரி உற்சாகமாகப் பாடினாள்.

"யாருங்க இந்தப் பொண்ணு?"

"அதே ஆளுதான். புல்லி கிடைச்சிருச்சு!"

வேன்காரம்மா சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினார். பாதி உயரம் போவதற்குள் வரி முடிந்து அடுத்தது தொடங்கிவிட்டது. கை அந்தரத்தில் நின்று நடுங்கியது. சிரிப்பு மறைந்தது. அவர் அந்தக் கையையே பார்த்தார்.

முள்ளுக்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டால்? தன்னை நாலு அறை அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

"தப்பு பண்ணிட்டேம்மா. அஞ்சு நிமிஷம் பொறு, பழசை மாட்டிடறேன்."

"கையை வைக்காதீங்க அதுல."

"உனக்குக் கஷ்டமா இருக்கும்மா."

"கஷ்டமாத்தான் இருக்கு. பேசாம உக்காருங்க."

அடுத்த வரியை விட்டுவிட்டு, அதற்கடுத்த வரிக்குத் தூக்கினார். அதுவும் தவறியது. பின்பு இரண்டு வரி ஓய்வு, ஒரு தூக்கல். நெற்றியில் வேர்வை வழிந்தது. அந்தப் பெண் யாருக்காகவும் நிற்காமல் பாடிக்கொண்டே போனாள். பாட்டு முடிந்தபோது முள்ளுக்காரர் ஸ்குரூ டிரைவரைக் கையில் வைத்தபடி அழுதுகொண்டிருந்தார்.

"எதுக்கு அழறீங்க இப்ப? பழசை மட்டும் மாட்டிராதீங்க. இவ போகட்டும். நான் வந்து சேர்ந்துக்கறேன்."

அவர் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு, முள்ளை எடுத்து மறுபடி முதல் வரியில் வைத்தார்.