ஆடிட் நாள் ஆயா

மயிலாளுக்கு அந்தக் கம்பெனியில் இரண்டு வேலை. ஒன்று தினமும் செய்வது: செக்கிங் மேஜை முன்னால் நின்று பனியனைப் புரட்டிப் பார்த்து, ஓட்டையோ எண்ணெய்க்கறையோ விட்டுப்போன தையலோ இருந்தால் ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்குவது. இன்னொன்று, பனியன் வாங்கும் வெளிநாட்டுப் பையர் சார்பில் யாராவது தொழிலாளர் வசதிகளைப் பார்க்க ஆடிட்டுக்கு வரும் நாட்களில் மட்டும். அன்றைக்கு அவள் ஆயா.

திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சல் என்ற ஊரில் இருந்த அந்தக் கம்பெனியின் பேக்கிங் பகுதியை ஒட்டி ஒரு அறை இருந்தது. கதவில் ‘குழந்தைகள் காப்பகம்’ என்று எழுதி, சுவரில் முயலும் வாத்தும் வரைந்திருந்தார்கள். மற்ற நாட்களில் உள்ளே தரை தெரியாமல் அட்டைப்பெட்டி. ஆடிட் என்று தகவல் வந்தால் பெட்டிகள் வெளியே போகும். பிளாஸ்டிக் உறை பிரிக்காத தொட்டில்கள் உள்ளே வரும். பக்கத்து லைன் வீடுகளிலிருந்து பிள்ளைகளைக் கூட்டி வருவது மயிலாளின் பொறுப்பு. ஒரு பிஸ்கட் பாக்கெட் கொடுத்தால் தாய்மார்கள் அனுப்பிவிடுவார்கள். பச்சைப் புடவை கட்டி, பெயர் எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவள் பிள்ளைகளுக்கு நடுவில் உட்காருவாள்.

மூலனூர்ப் பக்கம் பிறந்து, கல்யாணமாகித் திருப்பூருக்கு வந்தவள். புருஷன் வெள்ளியங்கிரி டெம்போ ஓட்டினான். பிள்ளை இல்லை. பிள்ளை இல்லாதவளைப் பிடித்து ஆயா ஆக்கியிருக்கிறார்களே என்று செக்கிங் மேஜையில் சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரித்துவைப்பாள். உண்மையில் அந்த நாட்கள் அவளுக்குப் பிடித்திருந்தன. ஆடிட்காரர்கள் கிளம்பிய பிறகும் ஏதாவது ஒரு பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, ஹெச்.ஆர். மேனேஜர் பிரபாகர் வந்து அறையைப் பூட்டும்வரை எழுந்திருக்க மாட்டாள். அந்தச் சாவி எப்போதும் பிரபாகரிடம்தான் இருந்தது.

அன்புசெல்வி தேனிப் பக்கத்திலிருந்து வந்த டெய்லர். அவளுடைய மகள் தேஜஸ்ரீ அப்போதுதான் தத்தித் தத்தி நடக்க ஆரம்பித்திருந்தாள். பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்த மாமியார் உடம்பு முடியாமல் ஊருக்குப் போய்விட்டாள். லீவு கேட்டால் ஷிப்மெண்ட் முடியட்டும் என்றார்கள்.

“அக்கா, ஒரு வாரத்துக்கு மட்டும் இவள அந்த ரூம்ல விட்டுக்கிறட்டா? அத்தை வந்துருவாக” என்று மயிலாளிடம் வந்து நின்றாள்.

மயிலாள் பிரபாகரிடம் போய்க் கேட்டாள். அவர் கோபப்படவில்லை. அவர் யாரிடமும் கோபப்பட்டதே கிடையாது.

“ஏனுங்க மயிலாக்கா, நீங்களே இப்படிக் கேக்கலாமுங்களா? ஒரு புள்ளைய உட்டா நாளைக்கு தையல் லைன்ல இருக்கற அத்தன பேருமு தூக்கிட்டு வந்துருவாங்க. பொட்டியெல்லாம் எங்க கொண்டுபோய் வெக்கறது? நீங்களே பக்குவமாச் சொல்லி அனுப்பீருங்க.”

பக்குவமாகத்தான் சொன்னாள். “அது சும்மா காட்டறதுக்கு வெச்சிருக்கற ரூமு கண்ணு. புள்ளைய உடறதுக்கு இல்ல. ஊட்டுப் பக்கத்துல யாருகிட்டயாவது சித்த பாத்துக்கச் சொல்லு.”

அன்புசெல்வி பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் விட்டுவிட்டு வந்தாள். அந்தப் பெண் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள், தண்ணீர் பிடித்து வைத்திருந்த டப்பில் பிள்ளை தலைகுப்புற விழுந்து கிடந்தது.

கம்பெனியிலிருந்து மாலை வந்தது. முதலாளி சுப்பண்ணனே வந்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டு நின்றார். நிலபுலன் உள்ள பெரிய பூமிக்காரர்; சாவு வீட்டில் எப்படி நிற்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். மயிலாள் அந்தப் பக்கமே போகவில்லை. போனாள், ஆனால் சந்து முனையிலேயே நின்று திரும்பிவிட்டாள். அதன் பிறகு சோற்றைப் பிசைந்து அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுவாள். “நீயா தள்ளிவிட்டே?” என்று வெள்ளியங்கிரி ஒருநாள் கேட்டான். ஆறுதலாகத்தான் கேட்டான்.

நாடாளுமன்றத்தின் சமூக நலக் குழு திருப்பூருக்கு வருகிறது, வேலை செய்யும் பெண்களின் குழந்தைகள் நலம் பற்றிப் பொதுமக்கள் நேரில் வந்து சொல்லலாம் என்று பேப்பரில் விளம்பரம் வந்தது அதற்கடுத்த மாதம். கம்பெனிகளிலிருந்தும் ஆள் அனுப்பச் சொல்லியிருந்தார்கள். சுப்பண்ணன் மயிலாளை அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

“நம்ம கம்பெனி மானம் உங்க கையில இருக்குதுங்க அம்மிணி. ரூமு இருக்குது, தொட்லு இருக்குது, பாலு குடுக்கறோம். அவ்வளவு சொன்னாப் போதும். பொய்யி ஒண்ணும் சொல்ல வேண்டாம்.”

அன்றைக்கு மாலை பஸ் நிறுத்தத்தில் அன்புசெல்வி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “அக்கா, நீங்க அந்த ரூமப் பத்தி அங்கன சொல்லுங்கக்கா. இன்னொரு புள்ளைக்கு இப்பிடி ஆகக் கூடாதுல்ல.”

“சொல்றேன் கண்ணு” என்றாள் மயிலாள். பிள்ளை செத்ததிலிருந்து அவர்கள் இருவரும் பேசியது அதுதான் முதல் தடவை.

கூட்டம் ஒரு ஓட்டல் மண்டபத்தில் நடந்தது. குதிரைலாட வடிவில் மேஜை போட்டு, வெள்ளைத்துணி விரித்து, உறுப்பினர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் முன்னால் ஒரு மைக், ஒரு தட்டில் முந்திரிப்பருப்பு. ஒருபுறம் அதிகாரிகள். முன்வரிசையில் கம்பெனிக்காரர்கள், நடுவே சுப்பண்ணன். கடைசியில் தொழிலாளிகள், அவர்களுக்கும் பின்னால் பத்திரிகைக்காரர்கள். குழுவின் தலைவி வடக்கேயிருந்து வந்த அம்மா, நரைத்த தலை, கதர்ப் புடவை, கனிவான முகம். அவர் இந்தியில் பேசப் பேச, ஒரு கல்லூரி ஆசிரியை தமிழில் சொன்னாள்.

முறை எப்படி என்று முதலிலேயே விளக்கினார்கள். பெயர் கூப்பிட்டால் எழுந்து வர வேண்டும். பெயரும் வேலையும் சொல்லிவிட்டுப் பேச வேண்டும். மணி அடித்தால் நிறுத்திவிட வேண்டும். பிறகு உறுப்பினர்கள் கேட்பதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும். சொல்வதெல்லாம் பதிவாகும்.

“இங்கே உண்மை பேசியதற்காக உங்களை யாரும் எதுவும் செய்ய முடியாது. நாடாளுமன்றம் உங்களுக்குத் துணை நிற்கிறது” என்று தலைவி சொன்னதாக ஆசிரியை சொன்னாள். மயிலாள் அதை அப்படியே நம்பினாள்.

அவள் முறை வந்தது. மைக்கில் சிவப்பு விளக்கு எரிந்தது. “என்ற பேரு மயிலாளுங்க. செக்கிங்கு. ஆடிட் வந்தா ஆயாங்க” என்று ஆரம்பித்து, பெட்டிகளைப் பற்றிச் சொன்னாள், பிஸ்கட்டுக்குப் பிள்ளைகளை வாங்கி வந்ததைச் சொன்னாள், தேஜஸ்ரீயைப் பற்றிச் சொன்னாள். சொல்லும்போதே கண்ணீர் வழிந்தது. முன்வரிசையில் சுப்பண்ணன் தலையைக் குனிந்து கைக்கடிகாரத்தின் பட்டையைத் தடவிக்கொண்டிருந்தார். மணி அடித்தது.

ஒரு உறுப்பினர் மைக்கை இழுத்துக்கொண்டார். “நீங்கள் அந்தக் காப்பகத்தின் ஆயாதானே?”

“ஆமாங்க. ஆனா...”

“ஆமாவா, இல்லையா?”

“ஆமாங்க.”

“பிள்ளைகளை அழைத்து வந்து காட்டியது யார்?”

“நானுங்க. அவங்க சொல்லித்தாங்க...”

“கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்” என்று ஆசிரியை மெல்லச் சொன்னாள். அது உறுப்பினர் சொன்னதா, அவளாகச் சொன்னதா என்று தெரியவில்லை.

“கம்பெனி ஆவணங்களின்படி அந்த அறைக்குப் பொறுப்பு யார்?”

“பேப்பருல என்ற பேருதாங்க இருக்குது. சாவி எங்கிட்ட...”

சிவப்பு விளக்கு அணைந்துவிட்டது. சாவியைப் பற்றி அவள் சொன்னது முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களுக்குக்கூடக் கேட்டிருக்காது.

பதில் சொல்லப் பிரபாகரைக் கூப்பிட்டார்கள். அவர் ஆங்கிலத்தில் பேசினார். வணக்கம் சொல்லி, நடுவில் ஒருமுறை குரல் உடைந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு பேசினார். மயிலாளுக்குப் புரிந்தது தன் பெயர் மட்டும். அது திரும்பத் திரும்ப வந்தது. வந்தபோதெல்லாம் உறுப்பினர்கள் அவளைப் பார்த்தார்கள்.

அவர் சொன்னதைப் பின்னால் ஆசிரியை தமிழில் சொன்னபோதுதான் விளங்கியது. கம்பெனி அறையையும் தொட்டிலையும் கொடுத்து ஒரு பெண்ணை நம்பி ஒப்படைத்தது. அந்தப் பெண் கடமையைச் செய்யவில்லை. இன்று அவளே இந்த அவையில் ஒப்புக்கொண்டுவிட்டாள். கம்பெனி அதிர்ச்சியில் இருக்கிறது.

“இறந்த குழந்தையின் தாய் வந்திருக்கிறாரா?” என்று தலைவி கேட்டார்.

அன்புசெல்வியை முன்னால் கூட்டி வந்தார்கள். தலைவி தன் தண்ணீர்த் தம்ளரையே அவள் கையில் கொடுத்தார். “உன் குழந்தையை அந்த அறையில் விடக் கேட்டாயா, மகளே?”

“கேட்டேம்மா.”

“யார் மாட்டேன் என்று சொன்னது?”

அன்புசெல்வி குனிந்து தம்ளரைப் பார்த்தாள். அவள் பிரபாகரிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. அவளிடம் மாட்டேன் என்று சொன்னது ஒரே ஒரு வாய்தான்.

“பயப்படாதே. அந்த ஆள் இந்த மண்டபத்தில் இருந்தால் காட்டு.”

அன்புசெல்வி மயிலாளை நோக்கிக் கையைத் தூக்கினாள். “இவுகதான்.”

பின்னாலிருந்து காமிராக்கள் ஓடி வந்தன. தலைவி எழுந்து மேஜையைச் சுற்றி வந்து அன்புசெல்வியை மார்போடு அணைத்துக்கொண்டார். அழுகை பொய்யில்லை, நெஞ்சு குலுங்க அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு மயிலாள் பக்கம் திரும்பினார்.

“உனக்குக் குழந்தைகள் உண்டா?”

“இல்லீங்க.”

தலைவி தலையை ஆட்டினார். கேட்க வேண்டியது அதற்குமேல் எதுவும் இல்லை என்பதுபோல இருந்தது அந்தத் தலையாட்டல். அதிகாரிகளைப் பார்த்து, இன்றைக்கே நடவடிக்கை எடுத்துத் தெரிவிக்க வேண்டும் என்றார். எடுக்கிறோம் என்று அவர்கள் எழுந்து நின்று சொன்னார்கள். சாப்பாட்டுக்காகக் கூட்டம் கலைந்தது. மயிலாளை யாரும் போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. பரிமாறுகிறவர்கள் நாற்காலியை நகர்த்த வேண்டுமென்று கேட்டபோதுதான் எழுந்தாள்.

மறுநாள் கேட்டில் வாட்ச்மேன், “கோவிச்சுக்காதீங்கக்கா, உள்ள உட வேண்டாம்னு சொல்லீட்டாங்க” என்றான். போலீஸ் ஸ்டேஷனில் ஒரு பகல் முழுக்க உட்கார வைத்து, கைநாட்டு வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். பேப்பரில் அவள் படம் வந்திருந்தது. வாயைத் திறந்து ஏதோ சொல்லிக்கொண்டிருக்கும் படம். பெத்திருந்தாத்தான தெரியும் என்று லைன் வீட்டுக் குழாயடியில் பேசினார்கள். அவளிடம் பிஸ்கட் வாங்கிக்கொண்டு பிள்ளைகளை அனுப்பியவர்கள்தான் பேசினார்கள். வேறு கம்பெனிகளில் முகத்தைப் பார்த்ததும், சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள்.

குழுவின் அறிக்கை டில்லியில் வைக்கப்பட்டது. ஆயாக்களுக்குத் தகுதியும் பயிற்சியும் வேண்டும் என்று அதில் எழுதியிருந்தார்கள். தவறு செய்தவர்மீது உடனடியாக நடவடிக்கை எடுத்த கம்பெனியைப் பாராட்டியும் ஒரு வரி இருந்ததாம். தெரிந்த ஒருவரைப் பிடித்து, சாவி யாரிடம் இருந்தது என்று விசாரிக்கும்படி மயிலாள் குழுவுக்கு மனுப் போட்டாள். குழுவின் காலம் முடிந்து புதிய குழு அமைக்கப்பட்டுவிட்டது, பழைய பொருளை மீண்டும் எடுக்க வழியில்லை என்று பதில் வந்தது. மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள்.

கம்பெனியில் அந்த அறைக்கு வெள்ளையடித்து ‘தேஜஸ்ரீ நினைவுக் குழந்தைகள் காப்பகம்’ என்று பெயர் வைத்தார்கள். அன்புசெல்வி ரிப்பன் வெட்டினாள். புது ஆயா வந்தாள், டிப்ளமோ படித்தவள். ஆடிட் இல்லாத நாட்களில் அவளும் பேக்கிங்கில்தான் நின்றாள்.

மயிலாள் மூலனூருக்கே போய் முருங்கைக்காய் மார்க்கெட்டில் காய் தரம் பிரித்துக் கட்டுக் கட்டும் வேலைக்குச் சேர்ந்தாள். வாரக் கடைசியில் மட்டும் வெள்ளியங்கிரியைப் பார்க்கத் திருப்பூர் வருவாள். அப்படி வந்த ஒரு நாள், டவுன் பஸ்ஸில் காலியாக இருந்த ஒரே இடம் அன்புசெல்விக்குப் பக்கத்தில் இருந்தது. மயிலாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்டக்டர் உட்காரச் சொல்லிச் சத்தம் போட்டான். உட்கார்ந்தாள்.

அன்புசெல்வி மறுபடி உண்டாகியிருந்தாள். வயிற்றின்மேல் கைப்பையை வைத்து மறைத்திருந்தாள்.

“நான் பொய் சொல்லலயேக்கா” என்றாள், திரும்பாமலே.

“இல்ல கண்ணு. நீ பொய்யி சொல்லல.”

அடுத்த நிறுத்தத்தில் பஸ் நின்றது. அது அவள் இறங்க வேண்டிய நிறுத்தம் இல்லை. மயிலாள் அங்கேயே இறங்கிக்கொண்டாள்.