கன்னியாகுமரிக்குக் கிளம்பிய கேரவன்

கேரவன் என்றால் நடிகைகள் உட்கார்ந்து மேக்கப் போட்டுக்கொள்ளும் வண்டி என்றுதான் என் வகுப்பில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அப்படி ஒன்று எங்கள் வீட்டு வாசலிலேயே வந்து நின்றபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்போது எனக்குப் பத்து வயது. அம்மாவின் தம்பி, செவிலிமேட்டு மாமா, டூரிஸ்ட் வண்டி ஓட்டுகிறவர். பழைய வேன் ஒன்றை வாங்கி, சீட்டையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு, இரண்டு கட்டில், ஒரு கேஸ் அடுப்பு, கூரைமேல் தண்ணீர்த் தொட்டி, பின்பக்கம் தடுப்பு வைத்து ஒரு கக்கூஸ் என்று எல்லாவற்றையும் அதற்குள் திணித்திருந்தார். வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விடப்போகிறாராம். ஒரு வெளிநாட்டுக்காரனும் எட்டிப் பார்க்கவில்லை. கடைசியில் அதில் ஏறிக் கடலோரமாகவே கன்னியாகுமரிவரை போகக் கிளம்பியது அப்பா, அம்மா, அக்கா, நான், ஓட்டுவதற்கு மாமா.

கிளம்பியது ஐப்பசியில், அடைமழையில். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். ஆனால் நெசவுக்காரர் வீட்டில் மழைக்காலம்தான் விடுமுறை. பாவு நூல் ஈரத்தை இழுத்துக்கொண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தறிக்குழியில் தண்ணீர் ஊறும். வெயில் காலத்தில் எங்கேயாவது போகலாம் என்று சொன்னால், தறியை யார் பார்ப்பது என்று அப்பா எரிந்து விழுவார். ஆகவே மழையில் ஊர் சுற்றப் போவது எனக்கு வினோதமாகவே தோன்றவில்லை. மரக்காணத்தில் உப்பளங்கள் எல்லாம் குளமாகிக் கிடந்தன. டீக்கடைக்காரர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

“புயல் வருதுன்னு ரேடியோல கத்திக்கினு இருக்கான், நீங்க இப்பப் போய் டூர் போறீங்களே?”

“எங்களுக்கு மழைக்குத்தாம்பா லீவு” என்றார் அப்பா.

எனக்குப் பெருமையாக இருந்தது. பெரியவர்கள் மூன்று பேருக்கும் அந்தப் பதிலில் வேறு கணக்கு இருந்திருக்கிறது. அக்கா அப்போது கல்லூரியில் கடைசி வருஷம். கூடப் படித்த ஒருவனைக் கல்யாணம் செய்துகொள்வேன் என்று வீட்டில் சொல்லிவிட்டாள். அவன் முசரவாக்கத்துப் பையன். நன்றாகப் படிப்பானாம், வேலைகூடக் கிடைத்திருந்ததாம். எங்கள் ஆட்கள் இல்லை, அவ்வளவுதான். இதெல்லாம் எனக்குப் பல வருஷம் கழித்து, யார் யாரோ சொல்லித்தான் தெரியும். அன்றைக்கு எனக்குத் தெரிந்தது, டூர் போகிற இடத்தில் போன் எதற்கு என்று அக்காவின் செல்லை வாங்கி அம்மா தன் இடுப்புப் பையில் போட்டுக்கொண்டது மட்டும்தான். கேம் விளையாட முடியாதே என்று நான்தான் சிணுங்கினேன். அக்கா சிணுங்கவில்லை.

சந்தோஷமாக இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். படுத்துக்கொண்டே கடலைப் பார்த்துக்கொண்டு போவது யாருக்குக் கிடைக்கும்! கூரையில் மழை சடசடவென்று கொட்டும், அம்மா ஓடுகிற வண்டியிலேயே ரசம் வைப்பாள், வளைவில் பாதி ரசம் தரையில் கொட்டும், மாமா திட்டு வாங்குவார். புதுச்சேரி தாண்டி அடுப்பு அணைந்து போய்விட்டது, தரங்கம்பாடியில் தொட்டி ஓட்டையாகி என் தலையிலேயே ஒழுகியது. விழுந்து விழுந்து சிரித்தேன். பக்கவாட்டுக் கதவின் உள்பக்கக் கைப்பிடி உடைந்திருந்தது. வெளியே இருந்துதான் திறக்க முடியும். எத்தனை மெக்கானிக் கடை வந்தும் மாமா அதை மட்டும் ரிப்பேர் பார்க்கவில்லை. சாப்பாடு, தூக்கம், கக்கூஸ் எல்லாம் உள்ளேயே. பஸ்ஸில் போயிருந்தால் வழியில் எத்தனை தடவை இறங்க வேண்டியிருக்கும், லாட்ஜ் என்றால் எத்தனை வாசல்! யோசித்துப் பார்த்தால் எங்கள் வீட்டு ஆட்கள் கெட்டிக்காரர்கள்.

மூன்றாம் நாள் வேதாரண்யத்துக்குப் பக்கத்தில், தட்டு எடுப்பதற்காகக் கட்டிலுக்கு அடியில் குனிந்த அக்கா ஒரு மஞ்சள் பையை வெளியே இழுத்தாள். உள்ளே அரக்கு நிறப் பட்டுப் புடவை. ஆர்டர் என்று சொல்லி இரண்டு மாதமாக அப்பா நெய்துகொண்டிருந்த அதே புடவை. அதற்குள் ஒரு மஞ்சள் கயிறு.

“யாருக்கும்மா இது?”

“கன்னியாகுமரி அம்மனுக்குச் சாத்தறதுக்கு. உள்ள வை.”

தறியிலிருந்து முதலில் அறுத்தெடுக்கும் புடவையை அம்மனுக்குச் சாத்துகிற வீடுகள் எங்கள் தெருவில் உண்டு. நான் உடனே நம்பினேன். அக்கா பையை வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்தாள். அப்பா கடலைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவள் சாப்பிடவில்லை.

அன்று மாலையே வண்டி புதைந்துவிட்டது. எதிரே வந்த லாரிக்கு வழி விடுவதற்காக மாமா ஓரம் கட்டினார். மழையில் ஊறிக் கிடந்த மணலில் இடப்பக்கச் சக்கரம் இரண்டும் அச்சுவரை இறங்கிவிட்டன. எல்லோரும் இறங்கினால்தான் தள்ள முடியும். அப்பாவும் மாமாவும் சக்கரத்துக்குப் போடப் பனைமட்டை வெட்டப் போனார்கள், அம்மா சக்கரத்துக்கு அடியில் கல்லைச் சொருகிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அக்கா என்னைப் பனைமரத்துப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

“யாரு கேட்டாலும், வண்டி சாஞ்சு கிடக்குதுன்னு அக்கா அந்த ஓட்டு வீட்டுக்கு பாத்ரூம் போயிருக்குதுன்னு சொல்லு. அரை மணி நேரம் போதும். என் கண்ணு இல்ல?”

சரி என்றேன். முக்குரோட்டில் பஸ் நிற்கும் இடத்தை நோக்கி அவள் மழையில் வேகமாக நடந்தாள். திரும்பிப் பார்க்கவே இல்லை.

அவள் கெட்ட நேரம், சீக்கிரமே வண்டி மணலைவிட்டு ஏறிவிட்டது. அக்கா எங்கே என்றார் அப்பா. பாத்ரூம் என்றேன். அம்மா ஓட்டு வீட்டுக்கு ஓடினாள், தலையில் அடித்துக்கொண்டு திரும்பி வந்தாள். அப்பா என்னைத் தோளோடு பிடித்தார். அடிக்கப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடிக்கவில்லை.

“சொல்லலைன்னா இப்பவே வண்டியத் திருப்பிடுவேன். கன்னியாகுமரியும் கிடையாது, ஒண்ணும் கிடையாது.”

மூன்று கடலும் மூன்று நிறத்தில் தெரியும் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டு வந்திருந்தேன். பார்க்காமல் எப்படித் திரும்பிப் போவது? கையை நீட்டி முக்குரோட்டைக் காட்டினேன்.

மழையால் பஸ் வரவில்லை. நிழற்குடையின் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். எங்கள் வண்டியைப் பார்த்ததும் ஓடக்கூட இல்லை. அப்பா இறங்கிப் போனார். கத்தவில்லை, கை ஓங்கவில்லை. தன் தோளில் இருந்த துண்டை எடுத்து அவள் தலையைத் துவட்டிவிட்டார். “ஜுரம் வந்துடும்மா, வா” என்றார். அதைப் பார்த்து எனக்கு நிம்மதியாக இருந்தது. இப்போதுதான் தோன்றுகிறது: அவர் நான்கு அறை அறைந்திருந்தால் பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் யாராவது என்ன, ஏது என்று கேட்டிருப்பார்கள்.

அதற்கு இரண்டு நாள் கழித்து, தூத்துக்குடிக்கு இந்தப் பக்கம் மாமிக்கு உறவுக்காரர்கள் இருந்த ஒரு ஊரில், சின்னக் கோயில் ஒன்றில் பத்து பதினைந்து பேர் முன்னால் எங்கள் ஆட்களில் ஒருவரோடு அக்காவுக்குக் கல்யாணம் நடந்தது. அந்த அரக்குப் புடவை அவளுக்கு நன்றாகத்தான் இருந்தது. அம்மனுக்கு வேறு வாங்கிக்கொள்ளலாம் என்றாள் அம்மா. அத்தான் கெட்டவர் இல்லை. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இன்றுவரை வசதியாக இருப்பது அது ஒன்றுதான். நான் நிறைய பாயசம் குடித்தேன். கிளம்புகிற நேரத்தில் அக்கா என்னைக் கூப்பிட்டு, கலைந்திருந்த என் பின்னலைப் பிரித்துப் புதிதாகப் பின்னிவிட்டாள். ஏன் சொன்னே என்று அன்றும் கேட்கவில்லை, இந்த வருஷம் பொங்கலுக்கு வந்தபோதும் கேட்கவில்லை.

நெடுஞ்சாலையில் ஏறும் இடத்தில் பச்சைப் பலகையில் கன்னியாகுமரிக்கு இடப்பக்கம் அம்புக்குறி போட்டிருந்தது. மாமா வலப்பக்கம் திருப்பினார். மழை விட்டு வெயில் அடிக்க ஆரம்பித்திருந்தது. “தறி சும்மாக் கிடக்குது, நேரா ஊருக்கு விடுப்பா” என்றார் அப்பா.

நான் ஓவென்று அழ ஆரம்பித்தேன். கட்டிலில் புரண்டு, காலை உதைத்துக்கொண்டு, மூச்சு முட்ட அழுதேன். அக்காவுக்காக அழுகிறேன் என்று நினைத்து அம்மா என்னை மடியில் அள்ளிப் போட்டுக்கொண்டு, அவளும் சேர்ந்து அழுதாள். மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்பாகூட ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

அந்த வண்டியில் ஏமாற்றப்பட்டவள் நான் ஒருத்திதான் என்று நினைத்து, மதுரை வரைக்கும் அழுதுகொண்டே வந்தேன்.