கத்திரி மேடம்

“என்ன, எல்லாரும் சௌக்கியமா?” என்று இன்குபேட்டரின் கண்ணாடிக் கதவு வழியே விசாரித்துக்கொண்டிருந்தார் மேடம். உள்ளே ஆட்கள் இல்லை; தட்டுகளில் வளரும் ரத்த உயிரணுக்கள்தான். பதில் வந்ததுபோலத் தலையாட்டிவிட்டு, அடுத்த தட்டு வரிசைக்குக் குனிந்தார்.

மரபணுவில் பிழை உள்ள இடத்தை வெட்டித் திருத்துவது அவர் தொழில். அதனால் ஆய்வுக்கூடத்தில் அவருக்குக் ‘கத்திரி மேடம்’ என்று பெயர். கூப்பிட்டால் கோபப்படமாட்டார். “வெட்டறது சுலபம் சார். வேற எங்கயாவது வெட்டிட்டோமான்னு தேடறோம் பாருங்க, அதுதான் பிழைப்பு” என்பார். அவர் சிரித்தால் தாழ்வாரத்தின் மறுகோடியில் இருப்பவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஒருமுறை வசதியான தம்பதி வந்தார்கள். பிறக்கப்போகும் பிள்ளை நல்ல உயரமாக இருக்கும்படி கருவிலேயே திருத்தித் தர வேண்டுமாம். “உயரம்தானே? ஒரு ஏணி வாங்கிக் கொடுங்க” என்றார் மேடம். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: “நோயாளி உடம்புல ரத்தத்தைத் திருத்தினா அது அவரோட நிக்கும். கருவுல கைவச்சா பேரன் பேத்தி வரைக்கும் போகும். அவங்க சம்மதத்தை நான் எங்க போய் வாங்குவேன்?”

அவருடைய தங்கை மகளுக்குப் பிறவியிலேயே ரத்த நோய். மாதாமாதம் ரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றும் நாள் நெருங்க நெருங்க, நாலு படி ஏறினாலே உட்கார்ந்துவிடுவாள். அவளைப் போன்ற குழந்தைகளுக்காகத்தான் மேடம் தம் குழுவோடு ஒரு சிகிச்சையை உருவாக்கினார். நோயாளியின் உயிரணுக்களையே வெளியே எடுத்து, திருத்தி, மறுபடி உடம்பில் செலுத்துவது. நோயாளிகளுக்குச் சோதனை முறையில் கொடுத்துப் பார்க்க அனுமதியும் கிடைத்துவிட்டது. தங்கை வீட்டில் எல்லோரும் நாளை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

அந்த நேரத்தில் ஒரே ஒரு தட்டில், வெட்டக்கூடாத இடத்தில் ஒரு வெட்டு தென்பட்டது.

“ஒண்ணே ஒண்ணுதானே, யார் கேக்கப்போறாங்க?” என்றார் ஆய்வுக்கூட இயக்குநர்.

“யாரும் கேக்கமாட்டாங்க. அதனாலதான் நானே சொல்லணும்.”

சிகிச்சையை நிறுத்திவைத்தார். காத்திருந்த குடும்பங்களைத் தேடிப்போய்த் தாமே விஷயத்தைச் சொன்னார். தங்கை வீட்டுக்குக் கடைசியாகப் போனார்.

“ஊருக்கெல்லாம் நீ டாக்டர். எங்களுக்கு அக்கா இல்லையா?” என்று தங்கை அழுதாள்.

“அக்காவா இருக்கறதாலதான் இன்னும் பயமா இருக்கு.”

அன்றிலிருந்து தங்கை அவரோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள். ஆனாலும் ரத்தம் ஏற்றும் நாள் வந்தால் மேடம் ஆஸ்பத்திரிக்கு வந்து கட்டிலின் மறுபக்கம் உட்கார்ந்துவிடுவார். நடுவில் படுத்திருந்த சிறுமிக்குத் தூது போவதில் ஏக உற்சாகம். “பெரியம்மா, அம்மா உன்கூடப் பேசமாட்டாங்களாம். ஆனா காபி குடிக்கிறியான்னு கேக்கறாங்க.”

பிழையைக் கண்டுபிடித்துச் சரிசெய்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து சோதித்து முடிக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. சிறுமியின் முறை வந்தபோது மேடம் விலகிக்கொண்டு, வேறு குழுவிடம் பொறுப்பை ஒப்படைத்தார். “நான் பாத்தா, பாக்க ஆசைப்படறதுதான் கண்ணுக்குத் தெரியும்” என்றார். சிகிச்சை அன்று மற்ற உறவினர்களோடு வெளியே பெஞ்சில் காத்திருந்தார். நகம் கடித்துக் கடித்துத் தீர்ந்துபோனதும், பக்கத்தில் இருந்த தங்கை அந்தக் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

சென்ற வாரம் தங்கையும் மகளும் பரிசோதனைக்கு வந்திருந்தார்கள். மாதக்கணக்காக ரத்தம் ஏற்றவில்லை; சிறுமியின் கன்னத்தில் நிறம் ஏறியிருந்தது.

“இப்பவாவது வாயைத் திறந்து சொல்லேன்க்கா, முழுசா குணமாயிடுச்சுன்னு.”

“ரத்தம் ஏத்தாம நல்லா இருக்கா. அது மட்டும் சத்தியம். மிச்சத்தை வருஷா வருஷம் பாத்துப் பாத்துத்தான் சொல்வேன்.”

“உன்னைத் திருத்தத்தான் இன்னும் கத்திரி வரல!”

இருவரும் சிரித்த சிரிப்பில், வரவேற்பு மேசையில் இருந்த பெண் எழுந்து நின்று எட்டிப் பார்த்தாள்.

சிறுமிக்குப் பொறுமை போய்விட்டது. “அந்த கேட் வரைக்கும் ஓட்டப்பந்தயம்! பெரியம்மா, வர்றியா?” கேட்டு முடிப்பதற்குள் பாதி வழி போய்விட்டாள்.

மேடம் அவள் ஓடுவதை ஒரு கணம் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, பின்னாலேயே ஓடினார்.