கடைசி டிராக்கும் எங்கள் கைதட்டல் படையும்

எங்கள் தோட்டத்தில் ஒரு ஆல்பத்துக்காகப் பட்டிமன்றம் நடந்தது என்று சொன்னால் என்னோடு வேலை செய்பவர்கள் சிரிக்கிறார்கள். அதுவும் பாட்டு ஆல்பம் இல்லை, ஒரு படத்தின் வெறும் பின்னணி இசை. சிரிக்கட்டும். அன்று கோயில் மண்டபத்தின் முன்வரிசையில் உட்கார்ந்து உள்ளங்கை சிவக்கச் சிவக்கக் கைதட்டியவள் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது.

கோலா சிலாங்கூருக்கு வெளியே ஒரு செம்பனைத் தோட்டத்தில் எங்கள் வீடு. அப்பாவுக்கு ஜொகூரில் வேலை, மாதத்துக்கு ஒரு தடவை வருவார். மற்றபடி அம்மா, அம்மாவின் அண்ணனான மாமா, தங்கையான சின்னம்மா, நான். மாமா செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினார். சின்னம்மா தோட்டத்துப் பாலர் பள்ளியில் டீச்சர். எனக்கும் சின்னம்மாவுக்கும் ஒரே அறை, ஒரே கொசுவலை, ஒரே மோட்டார் சைக்கிள். காலையில் அவள்தான் என்னைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடுவாள். அவள் இல்லாத வீட்டை நான் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

அந்த வருடம் ஒரு படகோட்டியைப் பற்றிய படம் வந்து நன்றாக ஓடியது. சில மாதம் கழித்து அதன் பின்னணி இசையைத் தனியாக வெளியிட்டார்கள். கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம்! படமே இரண்டரை மணி நேரம்தான். பாட்டில்லாத ஆல்பம் குழம்பில்லாத சோறு மாதிரி என்றார் மாமா. சின்னம்மாவோ அந்தச் சோற்றை மூன்று வேளையும் சாப்பிட்டாள். போனை மோட்டார் கூடையில் போட்டுப் பாடவிட்டுக்கொண்டுதான் வண்டியே ஓட்டுவாள். அதில் படகோட்டிக்கு ஒரு தீம், புல்லாங்குழலில் வரும். அவன் காத்திருக்கும் பெண்ணுக்கு ஒரு தீம், வயலினில் வரும். ஆல்பம் முழுக்க இரண்டும் தனித்தனியாகத்தான் அலையும். கடைசி டிராக்கில்தான் ஒன்றாகச் சேரும். அது சேரும் இடம் வந்தால் சின்னம்மா மோட்டாரை ஓரமாக நிறுத்திவிடுவாள். பள்ளிக்கூட மணி அடித்தாலும் சரி, நிறுத்துவாள்.

இப்படிப்பட்டவர்கள் எங்கள் வட்டாரத்தில் அவள் ஒருத்தி மட்டும் இல்லை. தஞ்சோங் காராங், ஜெராம் பக்கமிருந்தெல்லாம் ஆட்கள் வந்து, சனிக்கிழமை சாயங்காலம் கோலா சிலாங்கூர் பசாருக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் கூடுவார்கள். போனில் ஒரு குழு வைத்துப் பழகியவர்கள். பிஜிஎம் கூட்டம் என்று கடைக்காரர் பெயர் வைத்திருந்தார். வெள்ளம் வரும் காட்சியின் இசை படகோட்டி தீம் மெட்டைத்தான் தலைகீழாகப் போட்டதா இல்லையா என்று கரண்டியால் மேசையைத் தட்டித் தட்டிச் சண்டை போடுவார்கள். தே தாரிக் டீ ஆறி ஆடை கட்டிப்போகும். எனக்கு ரொட்டி சானாய் கிடைக்கும். உலகத்திலேயே மிக முக்கியமான விஷயம் அந்த மேசையில்தான் முடிவாகிறது என்று நம்பினேன். உண்மையைச் சொன்னால் இப்போதும் பாதி நம்பத்தான் செய்கிறேன்.

அந்த மேசையில் எனக்குப் பிடிக்காத ஆள் ஒருவர் இருந்தார். டவுனில் கிளினிக் வைத்திருந்த பல் டாக்டர். யாழ்ப்பாணக் குடும்பம். பிடிக்காததற்கு இரண்டு காரணம். ஒன்று, அவர் என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியவர். இரண்டு, சின்னம்மா எது சொன்னாலும் மறுத்துப் பேசுவார். ஆல்பம் ரொம்ப நீளம், ஒரே தீம் இசையையே ஒன்பது விதமாக வாசித்திருக்கிறார்கள், பாதியை வெட்டி வீசினாலும் ஒன்றும் குறையாது என்பது அவர் கட்சி. சின்னம்மா விடுவாளா?

“நடுவுல உள்ளதெல்லாம் வெட்டிட்டா, கடைசியில சேருறது எப்படி டாக்டர் உறைக்கும்? ரெண்டும் எவ்வளவு தூரம் பிரிஞ்சி கெடந்துச்சின்னு தெரிஞ்சாதானே லா அந்தச் சேருற இடத்துக்கு மதிப்பு?”

“அதுக்கு ரெண்டு மணி நேரமா டீச்சர்?” என்பார் அவர், சிரித்துக்கொண்டே.

அந்தச் சிரிப்புதான் எனக்கு எரிச்சல். திரும்பி வரும் வழியெல்லாம் அந்த ஆளுக்குக் காதே இல்லை, பல்லைத் தவிர ஒன்றும் தெரியாது என்று சின்னம்மா பொரிந்து தள்ளுவாள். நானும் பின்னால் உட்கார்ந்துகொண்டு ஆமாம் ஆமாம் என்பேன். வீட்டுக்கு வந்த கையோடு, கைப்பையைக்கூட வைக்காமல், போனில் அவருக்குப் பதில் எழுத ஆரம்பித்துவிடுவாள். எதிரி என்றால் அப்படித்தான் எழுதுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த நேரத்தில்தான் மாமா ஒரு மாப்பிள்ளையோடு வந்து நின்றார். கிள்ளானில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிற பையன், நல்ல குடும்பம் என்றார். சின்னம்மா வேண்டாம் என்றாள். முதல் மாப்பிள்ளையா அது? வந்தவர்களையெல்லாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டேதான் இருந்தாள். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

தோட்டத்துப் பொங்கல் விழாவில் வருடா வருடம் பட்டிமன்றம் உண்டு, நடுவர் மாமாதான். கணவனா மனைவியா, பணமா குணமா என்று பேசிப் பேசிச் சலித்துப்போன சனம். இந்தத் தடவை பிஜிஎம் கூட்டம் மாமாவைப் பிடித்துக்கொண்டது. ஆல்பத்தின் நீளம் பலமா, பலவீனமா என்று தலைப்பு முடிவானது. மாமா உடனே சின்னம்மாவிடம் பந்தயம் கட்டினார். தோற்றால் அடுத்த ஞாயிறு கிள்ளான் மாப்பிள்ளை வீட்டாருக்குக் காப்பி கொண்டுவந்து கொடுக்க வேண்டும். ஜெயித்தால் வருடம் முழுக்க அவர் கல்யாணப் பேச்சே எடுக்க மாட்டார். சின்னம்மா யோசிக்கவேயில்லை, சரி என்றாள். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். காப்பி கொடுத்தால் கல்யாணம், கல்யாணம் என்றால் கிள்ளான். அப்புறம் அந்தக் கொசுவலைக்குள் நான் தனியாகப் படுக்க வேண்டும்.

அதற்கு மேல் ஒரு வினை. யார் எந்தப் பக்கம் என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் போடுவார்கள். சின்னம்மாவுக்கு வந்தது ‘பலவீனம்’. பல் டாக்டருக்கு ‘பலம்’. ஆளுக்கு ஆள் மற்றவர் கட்சியைப் பேச வேண்டிய கதி! போச்சு, தோற்றுவிட்டோம் என்று நான் அழுதேன். சின்னம்மா மட்டும் அலட்டிக்கொள்ளவில்லை. டாக்டர் என்ன சொல்வார், எந்த வார்த்தையில் சொல்வார் என்பதெல்லாம் தனக்கு மனப்பாடம் என்றாள்.

சும்மா இருக்க என்னால் முடியவில்லை. யாருக்குக் கைதட்டல் அதிகமோ அவர் பக்கம்தான் மாமா தீர்ப்புச் சொல்வார் என்பது தோட்டத்துக்கே தெரியும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையெல்லாம் திரட்டி ஒரு படை சேர்த்தேன். சம்பளம் ஆளுக்கொரு குழாய் ஐஸ்கிரீம். சின்னம்மா பேசி நிறுத்தும்போதெல்லாம் நான் முதலில் தட்டுவேன், உடனே எல்லாரும் தட்ட வேண்டும், டாக்டர் பேசும்போது கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொள்ள வேண்டும். செம்பனை மரத்தடியில் மூன்று சாயங்காலம் பயிற்சி நடந்தது.

பொங்கலன்று உறியடி முடிந்து, கோலப் போட்டி முடிந்து, வெயில் தாழ்ந்ததும் மேசை போட்டார்கள். மண்டபம் நிறைந்துவிட்டது. பிஜிஎம் கூட்டம் மொத்தமாக வந்து ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டது. பல் டாக்டர் மடிக்கணினி, ஒலிபெருக்கி எல்லாம் கொண்டுவந்து, எந்த இடத்தில் எந்த தீம் இசையை ஓடவிடுவது என்று கோர்த்து வைத்திருந்தார்.

நடுவர் என்றால் பேச்சாளர்கள் வீட்டுக் கதையை இழுத்து நாலு பேரைச் சிரிக்கவைக்க வேண்டும், அது பட்டிமன்றத்தில் எழுதாத சட்டம். மாமா மைக்கைப் பிடித்தார். டாக்டர் பல்லைப் பிடுங்குவார், இன்றைக்கு என் தங்கச்சி அவர் சொல்லைப் பிடுங்கப் போகிறாள் என்று ஆரம்பித்தவர், கைதட்டல் கிடைத்த உற்சாகத்தில் பந்தயத்தையும் அவிழ்த்துவிட்டார்.

“தங்கச்சி இன்னிக்குத் தோத்தா, வர்ற ஞாயித்துக்கிழமை கிள்ளான் மாப்பிள்ளைக்குக் காப்பி. ஜெயிச்சா வருஷம் முழுக்க நான் கல்யாணப் பேச்சே எடுக்க மாட்டேன். சபையில வச்சிச் சொல்றேன், எல்லாரும் சாட்சி!”

மண்டபம் சிரிப்பில் குலுங்கியது. சின்னம்மா தலையைக் குனிந்துகொண்டாள். பல் டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. மடிக்கணினியை மெதுவாக மூடினார். பயந்துவிட்டார் என்று பக்கத்திலிருந்தவனை இடித்துக் காட்டினேன்.

முதலில் சின்னம்மா. என்ன பேச்சு அது! படத்தில் படகு ஆற்றைக் கடக்க மூன்று நிமிடம் ஆகிறது, ஆல்பத்தில் அதே படகு அரை மணி நேரமாகியும் கரை சேரவில்லையே, துடுப்பு உடைந்துவிட்டதா என்று கேட்டாள். நடுவில் மழைச் சத்தம் மட்டும் ஒரு டிராக் முழுக்க வருகிறது, அதற்கு எங்கள் வீட்டுத் தகரக் கூரை போதாதா என்றாள். எல்லாம் சாப்பாட்டுக் கடையில் டாக்டர் சொன்னவைதான், ஆனால் அவர் சொன்னதைவிட நன்றாகச் சொன்னாள். என் படை வெளுத்து வாங்கியது. ஒரு பயல் அவள் தண்ணீர் குடித்ததற்கும் தட்டினான்.

அடுத்து பல் டாக்டர் எழுந்தார். என் படையின் கைகளெல்லாம் தொடைக்கடியில் போயின. அந்தப் பக்கத்துக்குச் சொல்வதற்கு என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியும், கடைசி டிராக் இருக்கிறது. நடுவில் பிரிந்து கிடந்தால்தான் சேருவதற்கு மதிப்பு என்று ஒரு வரி சொன்னால் போதும், சபை அவர் பக்கம் சாய்ந்துவிடும். அதைச் சொல்ல மாட்டாரா என்று அவர் ஆட்களெல்லாம் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்கள். சொல்லவில்லை. ஆல்பம் நீளம்தான், ஆனாலும் பரவாயில்லை என்றார். டீச்சர் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்றார். கடைசி டிராக்கைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை என்று சொல்லி, நன்றி வணக்கம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

பிஜிஎம் கூட்டம் தலையில் கை வைத்துக்கொண்டது. கடையில் மணிக்கணக்காகப் பேசுகிற மனுஷன்! மாமா தீர்ப்பைச் சொல்லி முடிப்பதற்குள் நான் நாற்காலி மேல் ஏறிவிட்டேன். ஜெயித்துவிட்டோம், கிள்ளான் இல்லை, காப்பி இல்லை. அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அதற்குப் பிறகு பரீட்சையில் பாஸான போதுகூட வந்ததில்லை.

சின்னம்மாவைக் கட்டிப்பிடிக்க மேடைக்குப் பின்னால் ஓடினேன். அங்கே அவள் பல் டாக்டரைப் பிடித்து உலுக்காத குறையாகத் திட்டிக்கொண்டிருந்தாள். ஜெயித்தவள் முகமா அது? கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

“தோக்கணும்னா தோத்துப் போங்க, அதுக்காக என் கடைசி டிராக்கைப் போயி விட்டுக்குடுப்பீங்களா?”

அவர் ஒயரைச் சுருட்டிக்கொண்டே தலை நிமிராமல் சொன்னார். “அதை விட்டுக்குடுக்காட்டி, உங்களைத்தானே விட்டுக்குடுத்திருக்கணும்.”

சின்னம்மா ஒயரின் மறுமுனையை எடுத்துத் தானும் சுருட்ட ஆரம்பித்தாள். எப்போதும் பதில் சொல்கிறவள் ஒயரைச் சுருட்டுகிறாள் என்றால் கோபம் தலைக்கேறிவிட்டது என்று அர்த்தம். இந்தச் சண்டை இதோடு முடியாது, இவர் மறுபடி வருவார் என்று எனக்குத் தோன்றியது.

வந்தார். அடுத்த ஞாயிறு காலை பசியாறிக்கொண்டிருந்தபோது ஒரு வெள்ளைக் காடி வாசலில் நின்றது. அவரும் அவர் அம்மாவும் இறங்கினார்கள், கையில் பழத்தட்டு. நான் பின்வாசல் வழியாக ஓடிப் படையைத் திரட்டிக்கொண்டு வந்துவிட்டேன். மறு பட்டிமன்றத்துக்கு வந்திருக்கிறார்கள், சின்னம்மா வாயைத் திறந்ததும் தட்டுங்கள் என்று சொல்லி வைத்தேன்.

உள்ளே மாமா நாற்காலி நுனியில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாவின் தகப்பனார் இதே தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவராம். அந்தக் காலத்தில் எங்கள் லயத்துத் தொழிலாளிகள் அவர் ஆபீஸ் வாசலைத் தாண்டி உள்ளே போனதில்லை என்று மாமா பிறகு பல தடவை சொல்லியிருக்கிறார். இப்போது அவர் மகள் எங்கள் வீட்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, பிள்ளைகளுக்குப் பிடித்திருக்கிறது, உங்களுக்கு என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தார். சபையில் வாக்குக் கொடுத்த மாமா கல்யாணப் பேச்சை எடுக்க முடியாமல் அம்மாவைப் பார்த்தார். அம்மா சின்னம்மாவைப் பார்த்தாள். சின்னம்மா காப்பித் தட்டோடு வந்து நின்றாள். கடைசியில் காப்பி கொண்டுவந்துதான் விட்டாள்!

உன் விருப்பத்தைச் சொல்லு என்றார் மாமா. சின்னம்மா தட்டை முதலில் மாமாவிடம் நீட்டினாள், பிறகு அம்மாவிடம், யாரும் எடுப்பதற்குள் மறுபடி இழுத்துக்கொண்டாள். பல் டாக்டர் காப்பியையும் பார்க்கவில்லை, ஆளையும் பார்க்கவில்லை, தரையையே பார்த்தார். எனக்குப் பொறுக்கவில்லை. சின்னம்மா திணறுகிறாள், இப்போது கைகொடுக்காவிட்டால் எப்போது? தட்டினேன். ஜன்னலுக்கு வெளியே நின்ற என் படை மொத்தமும் சேர்ந்து தட்டியது.

ஒரு கணம் எல்லாரும் திகைத்தார்கள். பிறகு அந்த அம்மாதான் முதலில் சிரித்தார்.

“பிள்ளையளே சம்மதம் சொல்லிப்போட்டினம், இனி என்ன?”

வீடே சிரித்தது. சின்னம்மா தட்டை வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள். அவள் சிரித்ததைப் பார்த்து நானும் சிரித்து இன்னும் பலமாகத் தட்டினேன். டாக்டர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தைப் பார்த்தபோதுகூட, ஒழுங்காகத் தோல்வியை ஒப்புக்கொண்டுவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

வைகாசியில் கல்யாணம். மண்டபத்துக்குள் அவர்கள் நடந்து வரும்போது அந்தக் கடைசி டிராக்கை ஒரு நொடி வெட்டாமல் முழுசாக ஓடவிட்டார்கள். அன்று சாயங்காலம் சின்னம்மா காடியில் ஏறிப் போன பிறகுதான், போய்விட்டாள் என்பதே எனக்கு உறைத்தது. ஆனால் பழத்தட்டு வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு அதெல்லாம் தெரியாது. படைக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துவிட்டு, சின்னம்மாவை யாரும் எங்கேயும் கூட்டிக்கொண்டு போக முடியாது, நாங்கள் மறுபடியும் ஜெயித்துவிட்டோம் என்று பொழுது சாயும்வரை வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தேன்.