வெள்ளைப் பின்னணி

கோபம் இருக்கிற இடத்தில்தான் குணம் இருக்கும் என்று ஷஃபீனாவைப் பற்றிப் பேசும்போதெல்லாம் யாராவது சொல்லிவிடுவார்கள். எனக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. அவளுக்குப் பயந்தவர்கள் தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொள்ளும் சமாதானம் அது. அவளுடைய கோபத்துக்கெல்லாம் காரணம் இருந்தது. அதைக் கேட்கத்தான் ஆளில்லை.

தொண்ணூறில், போர்க்காலத்தில், முஸ்லிம்கள் எல்லோரும் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டபோது உம்மாவின் இடுப்பில் இருந்த பிள்ளை அவள். கரைத்தீவுப் பக்கம் ஓலைக் கொட்டிலில் வளர்ந்து, படித்து, எங்கள் வளாக நூலகத்துக்கு உதவி நூலகராக வந்தாள். நான் அங்கே கவுண்டரில் இருப்பவள். ஷஃபீனாவின் பொறுப்பில் இருந்தவை கையால் தொட முடியாத சரக்குகள். சந்தா கட்டி வாங்கும் இணைய ஆய்விதழ்கள். எந்த இதழுக்கு எதுவரை உரிமை, யார் யார் வீட்டிலிருந்து வாசிக்கலாம் என்பதையெல்லாம் ஒரு பழைய மென்பொருள் பார்த்துக்கொண்டது. ஆடி அசைந்துதான் ஓடும். ஆனால் ஒரு மாணவி மின்னஞ்சல் அனுப்பினால் போதும், அவள் வீட்டிலிருந்தே வாசிக்க ஷஃபீனா வழி செய்து கொடுத்துவிடுவாள்.

போர் முடிந்து சில வருடங்களில் எல்லாவற்றையும் நவீனமாக்கும் காய்ச்சல் எங்களையும் பிடித்தது. நூலகர் நஜாத் சேர் கொழும்புக்குப் போய் ஒரு புதிய மென்பொருளைப் பேசி முடித்துவிட்டு வந்தார். பழைய வாசகர் பதிவுகள் எதுவும் அதற்குள் வராதாம். எல்லோரும் நேரில் வந்து, கவுண்டரில் உள்ள கெமராவுக்கு முகம் காட்டிப் புதிதாகப் பதிய வேண்டுமாம்.

"நேர்ல வர ஏலாத ஆக்கள் என்ன செய்ற, சேர்?" என்று கூட்டத்தில் ஷஃபீனா கேட்டாள்.

"அப்பிடி யாரு இரிக்கி?" என்று சேர் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள்.

பழையதை நிறுத்திய வாரமே பதில் வந்தது. களப்பு இறாலுக்கு வரும் நோயைப் பற்றி முதுமாணிப் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தவள் ஃபஹ்மியா. பாலாவிச் சந்தியில் லொறி மோதி அவளுடைய கணவன் ஸியாத் மவுத்தாகியிருந்தான். கணவனை இழந்த பெண் நாலு மாதம் பத்து நாள் வெளியே போகாமல் இருக்கும் இத்தாவில், மாமி வீட்டில் இருந்தாள். இத்தா முடியுமுன் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே ஒருமுறை தவணை நீட்டியாயிற்று, இனி நீட்ட மாட்டார்கள். கொடுக்காவிட்டால் அத்தனை வருடப் படிப்பும் மண்ணாய்ப் போகும். அவள் ஷஃபீனாவுக்குப் போன் எடுத்து, "மிஸ், ஒரு கட்டுரையும் தொறக்குதில்ல" என்று அழுதாள்.

ஷஃபீனா நேரே சேரின் அறைக்குப் போனாள். நானும் பின்னால் போனேன்.

"இவவுக்கு மட்டும் நான் இங்க இரிந்தே பதிஞ்சி குடுக்கிறன், சேர்."

"ஏலாது. முகம் வேணும்."

"அவ இத்தாவுல இரிக்கா."

"அதத்தான் நானும் சொல்றன். மார்க்கத்த நாங்க மதிக்கணும்தானே? இத்தா முடிஞ்சி ஆறுதலா வரட்டும்."

மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது என்றால் இதுதான். எனக்கே உச்சி கொதித்தது.

"மார்க்கம் அவவ வீட்டுல இரிக்கத்தான் சொன்ன. வாசிக்க வாணாமெண்டு சொல்லல்ல" என்றாள் ஷஃபீனா. அவள் குரல் வாசிப்பு மண்டபம்வரை கேட்டது. "பழசு அவட வீட்டுக்கே போனிச்சி. பூட்டினது மார்க்கம் இல்ல சேர், நீங்க!"

அவள் வெளியேறிய பின், "அகதி ஆக்களுக்கு வாய் நீளம்" என்று சேர் முணுமுணுத்தார். கால் நூற்றாண்டாக இதே ஊரில் உப்புத் தின்றவர்கள், இன்னும் அகதிகள்! அதை நான் ஷஃபீனாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அறையின் கதவு மிஞ்சியிருக்காது.

அடுத்த நாள் பகல் சாப்பாட்டு நேரம் அவள் பதிவு மடிக்கணினியையும் கெமராவையும் கழற்றித் தன் பையில் போட்டாள். வெளியே கொண்டுபோகக் கூடாத சாமான் அது. "வாறீங்களா ராத்தா?" என்றாள். நான் செருப்பை மாட்டினேன்.

ஓட்டோவில் வழி நெடுக அவள் சண்டைக்குத் தயாராகிக்கொண்டே வந்தாள். "இத்தாவுல படம் புடிக்கிறதாண்டு மாமி சத்தம் போடுவா. போடட்டும். நானும் போடுவன்." வீட்டு வாசலில் மாமி உம்மு குல்சூம் நின்றார். ஸலாம் சொன்ன கையோடு ஷஃபீனா வாதத்தைத் தொடங்கிவிட்டாள்.

"என்னத்துக்கு மகள் சத்தம் போடுறீங்க?" என்றார் அவர். "அவளப் படிக்க அனுப்பினதே என்ட மகன்தானே. உள்ளுக்கு வாங்க."

ஷஃபீனா செருப்பைக் கழற்றினாள்.

ஃபஹ்மியாவைக் கதிரையில் இருத்திக் கெமராவைப் பிடித்தோம். திரையில் சிவப்பு எழுத்து வந்தது: பின்னணி வெள்ளையாக இருக்க வேண்டும். வீட்டுச் சுவர் பூசாத சீமெந்துக் கல். கட்டில் விரிப்புகள் எல்லாம் பூப்போட்டவை. எப்படித் திருப்பி இருத்தினாலும் அந்தப் பாழாய்ப்போன மெஷின் அவளை ஏற்கவில்லை.

"நாசமாப் போக! மனிசர்ர முகத்த விட்டுட்டுச் சுவரப் பாக்குது" என்று ஷஃபீனா கத்தினாள்.

"விடுங்க மிஸ்" என்றாள் ஃபஹ்மியா. "எனக்கு இவ்வளவுதான்."

உம்மு குல்சூம் அறைக்குள் போனார். அலுமாரி திறக்கும் சத்தம் கேட்டது. கையில் ஒரு வெள்ளைச் சாரத்தோடு வந்தார். மடிப்புக் கலையாத, ஆம்பிளைகள் ஜும்ஆத் தொழுகைக்கு இடுப்பில் உடுக்கும் சாரம். யாருடையது என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மருமகளின் பின்னால் நின்று, இரண்டு கையாலும் அதை உயர்த்தி விரித்துப் பிடித்தார்.

ஃபஹ்மியா திரும்பிப் பார்த்தாள்.

"முன்னால பாருங்க மகள்" என்றார் மாமி. "ஆடாம இரிங்க."

மெஷின் ஏற்றுக்கொண்டது. ஷஃபீனாவுக்குக் கண் மறைத்ததால் பொத்தானை நான்தான் அழுத்தினேன்.

ஃபஹ்மியா தவணைக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தாள். மடிக்கணினியை வெளியே கொண்டுபோனதற்கு ஷஃபீனாவிடம் விளக்கம் கேட்டார்கள். அதே நஜாத் சேர் வருட இறுதிக் கூட்டத்தில், வீடு தேடிப் போய்ப் பதியும் சேவை எங்களிடம் உண்டு என்று பெருமையாகப் பேசினார். வெட்கமென்று ஒன்று கடையில் விற்றால் வாங்கிக் கொடுத்திருப்பேன்.

இத்தா முடிந்த பிறகு ஒருநாள் சேர் திரையைக் காட்டி ஷஃபீனாவைக் கூப்பிட்டார். "இந்தப் படத்துல மேல் மூலையில ஒரு விரல் தெரியிது. விதிப்படி பிழை. அவவ வரச் சொல்லி வேற படம் எடுங்க."

அவள் மேசையைத் தட்டப் போகிறாள் என்று நினைத்துக் கோப்பைகளை நகர்த்தினேன். அவள் குரலை உயர்த்தவேயில்லை.

"அந்த விரல எடுக்கிறண்டா, முதல்ல என்னய எடுங்க சேர்" என்று மட்டும் சொன்னாள்.

அந்தப் படத்தை இன்றுவரை யாரும் மாற்றவில்லை.